ஆறு பத்துக்கு நாலு பதில்

இணையத்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்லுவார்கள். அதை ஓட்டுவது யார் என்று எங்கள் கட்டடத்தில் கேட்டிருந்தால் ஒரே ஒரு பெயர்தான் வந்திருக்கும்: றூட்டர் அண்ணை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பதினெட்டு மாடிக் கட்டடம், மாடிக்குப் பன்னிரண்டு வீடு. அத்தனை வீட்டு நாடகங்களும், பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்புகளும், யாழ்ப்பாணத்துக்குப் போகும் வீடியோ அழைப்புகளும் அந்த மனிதரின் தயவில்தான் ஓடின என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. அவருடைய நம்பிக்கையும் அதுதான்.

அவர் இங்கிருந்து போய் இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது. இப்போதும் திரையில் படம் நடுவில் நின்றால் நான் முதலில் வாசல் கதவைத்தான் பார்க்கிறேன், யாராவது தட்டுகிறார்களா என்று.

சொந்தப் பெயர் அவருடைய தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது. நீளமான பெயர், பெட்டியின் ஓரத்தில் வளைந்து கீழே இறங்கியிருந்தது. தபால்காரர் தவிர யாரும் அதை முழுதாக வாசித்ததாகத் தகவல் இல்லை. இருபது வருடம் ரொறன்ரோ நடுநகரத்துக் கட்டடங்களின் கூரைகளுக்குள் தவழ்ந்து தவழ்ந்து கேபிள் இழுத்தவர். முழங்கால் இரண்டும் போனபிறகு வேலையை விட்டார், கேபிளை விடவில்லை. கோடையோ பனியோ, ஒரு நீலக் கோட்டுப் போட்டிருப்பார். அதன் பைகள் நிறைய வயர் வெட்டும் கருவியும் கண்ணாடிபோன்ற கேபிள் முனைகளும். லிஃப்டில் அவர் பக்கத்தில் நின்றால் கிலுகிலு என்று சத்தம் கேட்கும்.

யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் "எப்பிடிச் சுகம்" என்று கேட்டதே இல்லை. செருப்பைக் கழற்றியதும் கண் சுவரோரமாக ஓடும்.

"எங்க வைச்சிருக்கிறியள்?"

றூட்டரைத்தான் கேட்கிறார். நம் சனங்கள் அந்தப் பெட்டியை ஒரு நாளும் வைக்கவேண்டிய இடத்தில் வைத்ததில்லை. சிலர் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஒரு வீட்டில் அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார்கள். பதினாலாம் மாடியில் மீன்தொட்டிக்குப் பின்னால். "உங்க வைச்சால் மீனுக்குத்தான் வைஃபை வரும். தண்ணி அதைக் குடிச்சிடும்" என்றார். ஏழாம் மாடியில் சாமித் தட்டில், பிள்ளையாருக்குப் பின்னால். அந்த வீட்டுக்காரி, கடவுள் பக்கத்தில் இருந்தால் நன்றாக ஓடும் என்று நினைத்திருக்கிறாள். றூட்டர் அண்ணை பிள்ளையாரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தூக்கிப் பார்த்து, நிறை பிடித்தார்.

"பித்தளை. நல்ல கனம். சிக்னல் இவரைத் தாண்டி வராது. ரெண்டடி தள்ளி வையுங்கோ, இவர் கோவிக்க மாட்டார்."

தள்ளி வைத்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுப் படுக்கையறைவரை நாடகம் தடையில்லாமல் ஓடியது. பிள்ளையார்தான் அருள்செய்தார் என்று அந்தப் பெண் இன்றைக்கும் சொல்லுவாள்.

பதினோராம் மாடியில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் இருவருக்குள் ஆறு மாதமாகக் கதை பேச்சு இல்லை. ஒருவர் வீட்டுத் தொலைக்காட்சி தினமும் மாலை ஆறரைக்கு நின்றுவிடும். அடுத்த வீட்டுக்காரர் பொறாமையில் ஏதோ செய்கிறார் என்பது குற்றச்சாட்டு. றூட்டர் அண்ணை மூன்று நாள் அந்த வீட்டில் கதிரை போட்டு உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியெல்லாம் குடித்து, விசாரணையை முடித்தார். அடுத்த வீட்டில் ஆறரைக்குப் பிட்டைச் சூடாக்குகிறார்கள். மைக்ரோவேவ் அடுப்பு வைஃபை பேசுகிற அதே அலையில்தான் இரைகிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய சுவர்.

"இதில வஞ்சகமும் இல்லை, செய்வினையும் இல்லை. பிட்டுத்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். மைக்ரோவேவை எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள். அந்த வாரமே இரண்டு வீடும் ஒன்றாகப் பிட்டுச் சாப்பிட்டன.

இதில் தலைகால் புரியாமல் போய், ஒரு ஞாயிறு காலை முழுக் கட்டடத்தையும் கீழே சலவை அறைக்குக் கூப்பிட்டார். எல்லா வீட்டு வைஃபையும் ஒரே அலைவரிசையில் கத்துகின்றன, அதனால்தான் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது பிரச்சினை. ஒன்றையொன்று இடிக்காத அலைவரிசைகள் மூன்றுதான்: ஒன்று, ஆறு, பதினொன்று. முதலாம் மாடிக்கு ஒன்று, இரண்டாம் மாடிக்கு ஆறு, மூன்றாம் மாடிக்குப் பதினொன்று, நாலுக்குத் திரும்ப ஒன்று என்று மட்டையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பிலிப்பைன்ஸ்காரரும் கயானாக்காரரும் தலையாட்டிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நம்மவர் போகவில்லை. எட்டாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார் எழும்பினார்.

"ஏன் எங்கட மாடிக்கு ஆறு? ஏழாம் மாடிக்கு ஒண்டு குடுத்திருக்கிறீர்."

ஒன்று என்ற ஒன்று இருக்கும்போது யாழ்ப்பாணத்துத் தலைமை வாத்தியாருக்கு ஆறைக் கொடுப்பது எவ்வளவு பாரதூரமான காரியம் என்று கேபிள் ஆட்களுக்குத் தெரியாது. றூட்டர் அண்ணை கொஞ்சம் யோசித்தார்.

"சேர், ஆறுதான் நடுவில இருக்கிறது. தலைவரை நடுவிலதானே இருத்துறது."

வாத்தியார் திருப்தியாக உட்கார்ந்தார். உடனே ஏழாம் மாடிக்காரர் எழும்பித் தங்களுக்கும் ஆறு வேண்டும் என்றார்கள். கூட்டம் மத்தியானம்வரை நீண்டது.

மனிதர்களின் பெயர் அவருக்கு நிற்காது. வீட்டு இலக்கம்தான் நிற்கும். "ஆயிரத்தி நூத்தி மூண்டு ஆசுப்பத்திரியால வந்திட்டாவோ?" என்பார். நான் அவருக்குத் தொளாயிரத்து நாலு. "பெயர் மனிசருக்கு. மெசினுக்கு இலக்கம்தான். நீங்கள் ஒரு பெயரைத் தட்டினால், அது முதல்ல ஒரு இடத்தில போய் இந்தப் பெயருக்கு என்ன இலக்கம் எண்டு கேட்டுக்கொண்டுதான் வெளிக்கிடும். நான் அந்தக் கேக்கிற வேலையை மிச்சம் பிடிக்கிறன்" என்று தன் மறதிக்கு விளக்கம் வைத்திருந்தார். எதற்கும் விளக்கம் வைத்திருந்தார், பாவி மனிதர். அதுதான் பிறகு அவரைக் கெடுத்தது.

இணையம் எப்படி அண்ணை வேலை செய்கிறது என்று ஒரு நாள் லிஃப்டில் வைத்துத் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். ஒன்பதாம் மாடியில் கதவு திறந்தது. அவர் ஒரு காலைக் குறுக்கே வைத்து என்னையும் லிஃப்டையும் சேர்த்து நிறுத்திவிட்டார்.

"இஞ்சயிருந்து றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு ஒரு கலியாணத்துக்குப் போறம் எண்டு வையுங்கோ. நாப்பது பேர். ஒரு பஸ்ஸிலயோ போறம்? பத்துக் காரில போறம். ஒவ்வொரு காரிலயும் போற விலாசமும், வெளிக்கிட்ட விலாசமும், இது எத்தினையாவது கார் எண்டும் எழுதிக் கிடக்கு. ஒருத்தன் 401 ஹைவேயால போவான், ஒருத்தன் ஸ்டீல்ஸால போவான், ஒருத்தன் இடையில கோப்பி வாங்க நிப்பான். முந்தி வெளிக்கிட்டவன் பிந்தி வருவான். பறவாயில்லை, அங்க போய் இலக்கப்படி அடுக்கினால் சரி. ஆறாம் காரைக் காணேல்லை எண்டால் என்ன செய்வியள்?"

"ஃபோன் அடிச்சுக் கேப்பம்."

"அதேதான். தகவலும் துண்டு துண்டா இப்பிடித்தான் போகுது. ஆறாம் துண்டைத் திரும்ப அனுப்பு எண்டு மெசின் கேக்கும். வரும் மட்டும் கேக்கும்." லிஃப்ட் கீச்சிடத் தொடங்கியது. மேலே யாரோ கதவில் அடித்தார்கள். அவர் காலை எடுக்கவில்லை. "ஆனா வீடியோ கோல் அப்பிடியில்லை. அதுக்கு நிண்டு பாக்க நேரமில்லை. வந்தவை வந்தினம், வராதவையை விட்டிட்டு நடத்து எண்டு போகும். போனது போனதுதான்."

"இதில எது அண்ணை நல்லது?"

"அது அலுவலைப் பொறுத்தது. எனக்கெண்டால் திரும்பத் திரும்பக் கேக்கிறதுதான் பிடிக்கும்" என்று சொல்லிக் காலை எடுத்தார்.

அவருடைய வீட்டுச் சுவரில் நாள்காட்டி இருக்கவேண்டிய இடத்தில் உலகப் படம் ஒன்று தொங்கியது. நாடுகளின் பெயர் மங்கலாக, கடல்களுக்குள் மட்டும் வண்ண வண்ணக் கோடுகள். கடலுக்கடியில் கிடக்கும் கேபிள்கள் என்றார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கையோடு நான் பேசும்போது என் குரல் வானத்துச் செய்மதிக்குப் போய் வருகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"வானத்தில அனேகமா ஒண்டுமில்லைத் தங்கச்சி. எல்லாம் தண்ணிக்குக் கீழ. தலைமயிர் மொத்தத்தில ஒரு கண்ணாடி. அதுக்குள்ளால வெளிச்சம் ஓடுது. நீங்கள் ஹலோ எண்டு சொன்னால் அது இப்பிடி அத்திலாந்திக்கைக் கடந்து, இப்பிடிச் செங்கடலால வந்து, கொழும்பில ஏறும்." விரலால் கோட்டின் மேல் நடந்துகொண்டே போனார். கடைசியில் விரலை எடுக்கவில்லை. அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார். தங்கைக்கும் எனக்கும் நடுவில் இத்தனை தண்ணீர் கிடக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு அழைப்பு எடுத்தேன். பேச ஒன்றும் இருக்கவில்லை. ஹலோ மட்டும் இரண்டு தரம் சொன்னேன்.

இனிச் சொல்லப்போவதுதான் உள்ளபடி அவருடைய கதை.

ஒரு நாள் காலை வேலைக்குப் போகும் வழியில், இடியப்பப் பொட்டலம் ஒன்றைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. அவர் பழைய கணினிக்கு முன்னால் நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேசாதே என்று கையைக் காட்டினார். மணி ஆறு பத்து. ஒரு விசையைத் தட்டினார். கறுப்புத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக நாலு வரி விழுந்தன. நாலாவது விழுந்ததும் பெருமூச்சு விட்டுத் தேத்தண்ணியை எடுத்தார்.

"என்ன அண்ணை உது?"

"பிள்ளையின்ர வீடு."

பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கும் மகள் வீட்டு றூட்டரை இவர் தட்டிக் கேட்கிறார்: இருக்கிறாயா? அது பதில் சொல்கிறது: இருக்கிறேன். நாலு தரம் கேள்வி, நாலு தரம் பதில். பிங் என்று அதற்குப் பெயர், வேறு ஒன்றும் இல்லை. கலியாணத்துக்கு முதல் அவள் அந்த வீடு வாங்கியபோது றூட்டரைப் பொருத்தியவர் இவர்தான்; வெளியிலிருந்து கேட்டால் பதில் சொல்லும்படி அப்போதே திறந்துவிட்டிருக்கிறார்.

"பாஸ்வேட்டும் உங்களிட்ட இருக்குமே, உள்ளுக்குப் போய்ப் பாக்கலாமே" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. "அது பிள்ளையின்ர அலுமாரியைத் திறக்கிற மாதிரி. நான் வெளியில நிண்டு கேக்கிறன், அவ்வளவுதான்."

தினமும் ஆறு பத்துக்கு. சனி ஞாயிறு மட்டும் ஏழரைக்கு. ஏன் என்று கேட்டால், "பிள்ளை நித்திரை கொள்ளுமெல்லோ" என்றார். றூட்டருக்கு என்ன நித்திரை என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மகள் தர்சினி அவரோடு கதைத்து மூன்று வருடமாகியிருந்தது. அவள் ஆறாம் வகுப்பில் இருக்கும்போது தாய் இறந்துபோனாள். தலை பின்னப் பழகி, மதியச் சாப்பாடு கட்டி, இவர் தனியாக வளர்த்த பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளை பேசாமல் போனதற்குக் காரணம் அவளுடைய கலியாணம்.

மாப்பிள்ளையின் தாய் யாழ்ப்பாணத்தில். விசா இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள். ஒரே மகனின் கலியாணத்தை அந்த மனுசி யாழ்ப்பாணத்தில் பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு திரையில்தான் பார்க்கவேண்டும். படம்பிடிக்கிறவர்கள் நேரலைக்கு எல்லா ஏற்பாடும் செய்திருந்தார்கள், நல்ல கேபிளில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நேரலை என்பது முப்பது செக்கன் பிந்தித்தான் போய்ச்சேரும் என்பது அந்த மண்டபத்தில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. பெற்ற தாய் மற்ற எல்லோருக்கும் பிறகா தாலி கட்டுவதைப் பார்ப்பது? பெண்ணின் தகப்பனுக்கு மனம் கேட்கவில்லை. முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த அம்மாவை நேரலையிலிருந்து இறக்கி, தன் கைக்கணினியில் நேரே வீடியோ அழைப்பில் எடுத்து, மணவறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார். கேபிள் அவ்வளவு தூரம் எட்டாது. மண்டப வைஃபையில் போட்டார்.

கெட்டிமேளம் முழங்கியது. நானூறு பேர் ஒரே நேரத்தில் ஃபோனைத் தூக்கினார்கள். இலண்டனுக்கும் பாரிசுக்கும் சிட்னிக்கும் அந்தந்த வீட்டு நேரலை தொடங்கியது, எல்லாம் அதே வைஃபையில். படம் உறைந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய் நாலு நிமிடம் பார்த்தது ஐயரின் முதுகை.

தர்சினி மணக்கோலத்தோடு அழுதாள். றூட்டர் அண்ணை என்ன செய்திருக்கவேண்டும்? இரண்டு சொல் சொல்லியிருக்கவேண்டும். அவர் என்ன செய்தார் என்றால், மணமகளுக்கும் மாப்பிள்ளைக்கும் முன்னால் நின்று, ஒரு வைஃபையில் நானூறு ஃபோன் ஏறினால் என்ன நடக்கும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். சாப்பாட்டு மேசையில் விளக்கினார். அடுத்த நாள் தொலைபேசியில் விளக்கினார். நாலாம் நாள் அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. இவரும் அதன்பிறகு அவளை அழைக்கவில்லை. ஆறு பத்துக்குத் தட்டத் தொடங்கினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நாலு வரியை வைத்து அவர் ஒரு குடும்பத்தையே வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பதிலும் எத்தனை மில்லிசெக்கனில் வந்தது என்று வரியின் முடிவில் இருக்கும். "இண்டைக்குப் பதினாலு. பிள்ளை நல்லா இருக்கு" என்பார். பதினெட்டு என்றால் முகம் வாடும்: "களைப்புப் போல." ஒரு ஞாயிறு ஆசை தாங்காமல் பின்னேரத்திலும் தட்டிப் பார்த்து நாற்பது வந்ததும், "வீட்டுக்கு ஆக்கள் வந்திருக்கினம். ஆர் சமைச்சதோ தெரியாது" என்று கவலைப்பட்டார். றூட்டரில் சனம் கூடினால் பதில் பிந்தும் என்பது உண்மைதான். களைப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது என்னைவிட அவருக்குத் தெரியும்.

பிறகு ஒரு வைகாசி மாதம் பரபரப்பாக வந்து என் கதவைத் தட்டினார். "ரெண்டு கிழமையா மத்தியானத்தில எழுவது வருது. ரெண்டுபேரும் வேலைக்குப் போற வீடு. பகல்ல ஆரோ இருந்து நாடகம் பாக்கினம்." குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி வந்திட்டா. விசா குடுத்திட்டாங்கள்."

கண்டுபிடிப்பு சரி. விசாரித்துப் பார்த்தேன்; வந்துதான் இருந்தார். அதன்பிறகு பத்து நாள் றூட்டர் அண்ணை நிலைகொள்ளாமல் திரிந்தார். போய்ப் பாருங்கோ அண்ணை என்றால், எந்த முகத்தோட போறது என்பார். அடுத்த நிமிடம், நானூறு ஃபோன் ஏறினால் ஆர்தான் என்ன செய்யேலும் என்பார்.

பதினோராம் நாள் காலை பதில் வரவில்லை. நாலு வரி விழுந்தன. நாலும் வெறும் வரி. ஏழு மணிக்கும் இல்லை. மத்தியானமும் இல்லை. மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டில்லாமல் அவர் எவ்வளவு சின்ன மனிதர் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"கரண்ட் போயிருக்கலாம். பெட்டியை மாத்தியிருக்கலாம், மாத்தினால் இலக்கம் மாறும். இல்லாட்டி..." நிறுத்தினார். "இல்லாட்டி என்னைப் பூட்டியிருக்கலாம். மூண்டுக்கும் திரையில வாறது ஒண்டுதான். எதெண்டு எனக்குத் தெரியாது தங்கச்சி."

எதற்கும் விளக்கம் வைத்திருந்த மனிதர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தச் சனிக்கிழமை ஒரு பெட்டி மட்டன் றோல்ஸ் வாங்கிக்கொண்டு 401இல் ஏறி அஜக்ஸுக்குப் போனேன். எங்கள் கட்டடத்தில் வளர்ந்த தர்சினி கதவைத் திறந்தாள்.

"இந்தப் பக்கம் ஒரு அலுவலா வந்தனான் பிள்ளை" என்றேன்.

ஸ்காபரோக்காரி ஒருத்திக்கு அஜக்ஸ் பக்கம் சனிக்கிழமை காலை என்ன அலுவல் இருக்கும் என்று அவள் கேட்கவில்லை. றோல்ஸை வாங்கிக்கொண்டு, "அப்பா அனுப்பினவரோ, அன்ரி?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. பதில் வராததில ஆள் சாப்பிடாமல் கிடக்குது. நானாத்தான் வந்தனான்."

அவளுக்கு ஒரு வங்கியில் வேலை. வெளியிலிருந்து யாரும் கண்டபடி தட்டாமல் வங்கியின் கணினிகளைக் காவல்காப்பதுதான் வேலை.

"ஐ நோ, அன்ரி. எனக்கு மூண்டு வருசமாத் தெரியும். றூட்டரின்ர லொக்ல எல்லாம் பதியும். வீக்டேஸ்ல ஆறு பத்து, வீக்கெண்ட்ல ஏழரை. நான் அதை ஒரு செக்கன்ல ஓஃப் பண்ணியிருக்கலாம்." மூக்கை உறிஞ்சினாள். "சில நாள் அவர் ரெண்டு நிமிசம் லேற் ஆகினால் நான் வேலைக்குப் போகாமல் பாத்துக்கொண்டு நிப்பன்."

"அப்ப இப்ப ஏன்?"

"கம்பனிக்காரர் பெட்டியை மாத்திட்டினம். இலக்கம் மாறிட்டுது. தட்ஸ் ஆல்."

"அந்தப் புது இலக்கத்தைத் தாவன், கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"இல்லை." குரல் இறுகியது. "அப்பா அண்டைக்கு சொறி சொல்லேல்லை, அன்ரி. எக்ஸ்பிளெய்ன் பண்ணினார். மாமி உள்ளுக்குத்தான் இருக்கிறா. நான் அவவோட அந்த நாளைப் பற்றி ஒரு கதையும் கதைக்கிறேல்லை, எனக்கு வெக்கமாக் கிடக்கு. அவர் வந்து மாமியிட்ட ஒருக்காச் சொல்லட்டும். அதுதான் எனக்கு வேணும்." பிறகு கதவுப்பிடியைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "அதோட, அந்தப் புதுப் பெட்டியில பிங்கை எங்க திறந்து விடுறது எண்டு எனக்குத் தெரியேல்லை. அப்பாதான் வந்து செய்யவேணும்."

வங்கியையே பூட்டித் திறக்கிறவள் சொல்லுகிறாள். நான் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டு காருக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஞாயிறு அவரை ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுதும் பாடம் நடத்தினேன். "அண்ணை, ஃபோனைப் பற்றிக் கதைக்கக்கூடாது. வைஃபையைப் பற்றிக் கதைக்கக்கூடாது. நானூறு எண்ட சொல்லே வாயில வரக்கூடாது." ஓம், ஓம் என்றார். பிக்கரிங் தாண்டியதும், "சும்மா ஒரு வரி, அந்த முப்பது செக்கனை மட்டும் சொல்லட்டே?" என்று கேட்டார். வண்டியைத் திருப்பிவிடுவேன் என்று வெருட்டினேன்.

மாப்பிள்ளை கதவைத் திறந்தார். தர்சினி குசினி வாசலில் நின்றாள். தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை; ஆனால் இருவரும் ஒரே மாதிரி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்கள். சம்பந்தி அம்மா சோபாவில் கால்நீட்டி உட்கார்ந்து நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் சத்தத்தைக் குறைத்தார்.

றூட்டர் அண்ணை அவருக்கு முன்னால் போய் நின்றார். வாய் திறந்தது. விளக்கம் தொண்டைவரை வந்துவிட்டது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கை தன்பாட்டில் எழும்பி ஆடத் தொடங்கியது. அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அண்டைக்குப் பிழை என்னில. நான்தான் கெடுத்தனான்."

அவ்வளவுதான். நிறுத்திவிட்டார். குசினி வாசலில் தர்சினி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அம்மா இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி கெடுத்தனீர்? படந்தான் நிண்டது. சத்தம் வந்ததே."

அந்த அம்மா தொலைக்காட்சியை முழுதாக நிறுத்தினார்.

"ஐயரின்ர முதுகு அப்பிடியே நிண்டுது. ஆனா மேளம் கேட்டது. கெட்டிமேளம் முழுக்கக் கேட்டது. உமக்குப் பக்கத்தில ஆரோ மூக்கை உறிஞ்சினதும் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு, இப்ப என்ர பிள்ளை கட்டுறான், இப்ப கட்டுறான் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். பேந்து எல்லாரும் ஃபோன் எடுத்து, பாத்தனீங்களோ, பாத்தனீங்களோ எண்டுதான் கேட்டினம். பாக்கேல்லை எண்டு சொன்னன். சத்தம் வந்ததோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

மூக்கை உறிஞ்சியது பக்கத்தில் யாரும் இல்லை, கைக்கணினியைப் பிடித்திருந்தவரேதான் என்று எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. றூட்டர் அண்ணையின் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கி வந்தது. துடைக்கவில்லை. கொஞ்சம் குனிந்து, மிகவும் பணிவாக, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டார்.

"சத்தம் இடையில வெட்டினதோ, அக்கா?"

"இல்லைத் தம்பி. ஒருக்காலும் வெட்டேல்லை."

தர்சினி ஓடிவந்து தகப்பனின் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பைகளுக்குள் எல்லாம் கிலுகிலுத்தது. நான் வெளியில் வந்து காருக்குள் உட்கார்ந்து, என் பங்குக்கு அழுது முடித்தேன்.

அவர் அன்றிரவு திரும்பி வரவில்லை. அடுத்த கிழமை மாப்பிள்ளை ஒரு வண்டி கொண்டுவந்து சாமான்களை ஏற்றினார். அடுத்த வருடம் ஆவணியில் அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. முழுப் பொழுதும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறாராம். மாதத்தில் ஒரு நாள் நானும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அவரை அஜக்ஸில் கொண்டுபோய் விட்டது நான்தான். நல்ல காரியம் செய்தாய் என்று கட்டடத்தில் எல்லோரும் சொல்லுகிறார்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்ளுகிறேன், அவரில்லாத இந்தப் பதினெட்டு மாடியில் இருந்துகொண்டு.